மாதச் சம்பளமும் நன்கொடைப் பத்திரமும்: பெகி குகன்ஹைம், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூலையில் பாரிஸ் நீதிமன்றம் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. வெனிஸ் நகரத்தின் பெருங்கால்வாய்க் கரையில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிய வழக்கு. தொடுத்தவர்கள், அதை உருவாக்கிய அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைமின் பேரன்கள் உள்ளிட்ட வாரிசுகள். பாட்டி தேர்ந்தெடுத்து மாட்டியிருந்த படங்கள் சிலவற்றைக் கழற்றிவிட்டு வேறொரு குடும்பம் கொடுத்த படங்களை மாட்டுகிறார்கள், முகப்பில் அந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், பாட்டியின் அஸ்தி இருக்கும் தோட்டத்தில் விருந்து நடத்துகிறார்கள் என்பவை அவர்களுடைய குறைகள். அருங்காட்சியகத்தை நடத்தும் அறவாரியத்தின் பதில் சுருக்கமானது: அம்மையார் நிபந்தனை எதுவும் வைக்காமல் கொடுத்தார். நீதிமன்றம் அறவாரியத்தின் பக்கம் நின்றது. 2015இல் மேல்முறையீடும் தோற்றது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சிலர் இந்த வழக்கைத் தேடிப் படிக்க ஒரு காரணம் இருந்தது. பங்சாரில் தனியாக வாழும் ஓர் ஆச்சி தன் வீட்டையும், வீட்டில் உள்ள தஞ்சாவூர்ப் படங்களையும், இரண்டு வீணைகளையும், 1960களில் கோலாலம்பூரில் நடந்த கச்சேரிகளின் ஒலிநாடாக்களையும் கலைக்கென்று கொடுத்துவிட நினைத்தார். பினாங்கில் கிட்டங்கி வைத்துத் தொழில் பார்த்த குடும்பம் அவருடையது. பிள்ளைகள் வெளிநாட்டில். எங்களில் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மிருதங்க ஆசிரியர், நான் நிகழ்ச்சி ஏற்பாட்டில் நீண்ட காலம் இருந்தவன். யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று ஆச்சி கேட்டபோது, ஏற்கெனவே கொடுத்தவர் ஒருவரின் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அதிலிருந்து எழுதியது இது.

பெயருக்கு ஏற்ற பணம் இல்லாத வாரிசு

பெகி 1898 ஆகஸ்ட் 26இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா வழியில் குகன்ஹைம்கள், சுரங்கமும் உலோக உருக்காலையுமாகப் பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள். அம்மா வழியில் செலிக்மன்கள், வங்கிக் குடும்பம். ஆனால் அப்பா பெஞ்சமின் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்திருந்த தொழிலிலிருந்து விலகித் தனியாக முதலீடு செய்து, கையிலிருந்ததில் பெரும்பகுதியை இழந்துவிட்டார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு அவரும் போனார். பெகிக்கு அப்போது 13 வயது. 1919இல் 21 வயது நிரம்பியபோது அவர் கைக்கு வந்த பங்கு, சாதாரண மனிதர் கண்ணுக்குப் பெரும் தொகை. பெரியப்பா வீடுகளோடு ஒப்பிட்டால் சிறியது. தன்னை அந்தக் குடும்பத்தின் ஏழைக் கிளையாகவே அவர் கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது விளங்காது. பெரியப்பா சாலமன் நியூயார்க்கில் கண்ணைக் கவரும் அருங்காட்சியகம் எழுப்பும் அளவு வசதி படைத்தவர். பெகியிடம் அந்த அளவு பணம் எப்போதுமே இருந்ததில்லை. ஒரு படம் வாங்கினால் அடுத்ததற்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலைமை. சிக்கனத்துக்கும் அவர் பேர்போனவர். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டே திரும்புவார்களாம். கலைக்குக் கொடுத்த பணம் அந்தச் சிக்கனத்திலிருந்துதான் வந்தது.

இளமை நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில் சம்பளமில்லா வேலையில் தொடங்கியது. பிறகு பாரிஸ். 1922இல் லாரன்ஸ் வெய்ல் என்ற கலைஞரோடு திருமணம், ஒரு மகன், ஒரு மகள், பிரிவு. அந்தப் பதினைந்து ஆண்டு விருந்துகளையும் காதல்களையும் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவரே 1946இல் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிட்டார். எங்கள் கேள்விக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நவீனக் கலைஞர் மார்செல் டூஷாம் போன்றவர்களோடு அந்த மேசைகளில் உட்கார்ந்துதான் அவர் ஓவியம் பார்க்கக் கற்றுக்கொண்டார். விருந்துகளில் செலவான காலத்தை அவர் வீணாக்கவில்லை.

39 வயதில் கடை திறந்தவர்

1938 ஜனவரியில் லண்டன் கார்க் தெருவில் ஓவியக் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். அது அவர் முறையாகச் செய்த முதல் தொழில். இங்கிலாந்தில் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கிக்கு முதல் தனிக்காட்சி அங்கேதான் நடந்தது. காண்டின்ஸ்கியின் படம் ஒன்று வேண்டுமா என்று நியூயார்க்கில் பெரியப்பாவிடம் கேட்டு எழுதியபோது, அவருடைய கலை ஆலோசகர் ஹில்லா ரிபே அவமதிக்கும் தொனியில் பதில் எழுதினார். குகன்ஹைம் என்ற பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்துவது கேவலம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நாற்பது ஆண்டு கழித்து இந்தப் பெகியின் சேகரிப்புதான் அதே பெரியப்பாவின் அறவாரியத்துக்குப் போனது.

அதே ஆண்டு ஒரு சிற்பக் காட்சிக்கு வெளிநாட்டிலிருந்து பொருட்கள் வந்தன. பிரான்குசி, ஆர்ப், கால்டர் போன்றவர்களின் வேலைகள். கலைப்பொருளாக இருந்தால் தீர்வை இல்லை. வெறும் கல்லும் மரமுமாக இருந்தால் உண்டு. எது கலை என்று சான்று தர வேண்டியவர் டேட் கலைக்கூடத்தின் இயக்குநர். அவர் பார்த்துவிட்டு, இவை கலையல்ல என்றார். பெகி விடவில்லை. விமர்சகர்கள் கையெழுத்திட்டார்கள், விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது, கடைசியில் சிற்பங்கள் கலையாகவே உள்ளே வந்தன. அதிகாரியோடு மல்லுக்கட்ட நேரமும் செல்வாக்கும் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்ததால் நடந்தது அது. கலைஞனுக்குப் பணத்தைவிட இப்படிப்பட்ட துணை பெரிது என்று எங்கள் மிருதங்க மாஸ்டர் சொன்னார். வெளிநாட்டுப் பக்கவாத்தியக் கலைஞருக்கு அனுமதி வாங்க ஒவ்வொரு முறையும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர் அவர்.

காட்சிக்கூடம் நட்டத்தில் ஓடியது. நட்டப்படுவதென்றால் ஓர் அருங்காட்சியகத்துக்காக நட்டப்படலாம் என்று 1939இல் அதை மூடினார். அதற்குள் போர் வந்துவிட்டது.

நாளுக்கு ஒரு படம்

லண்டனில் தொடங்க நினைத்த அருங்காட்சியகத்துக்காகத் தயாரித்த பட்டியலோடு பாரிஸில் அவர் படம் வாங்கத் தொடங்கினார். நாளுக்கு ஒரு படம் என்பது இலக்கு. ஹிட்லரின் படை நார்வேக்குள் நுழைந்த 1940 ஏப்ரல் 9ஆம் தேதி அவர் பிரெஞ்சு ஓவியர் லெஜேயின் படம் ஒன்றை வாங்கப் போனார். அன்றைக்குக்கூடப் படம் வாங்க ஆள் வருகிறதா என்று லெஜேயே வியந்தார். ஜெர்மானியர் பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில் பிரான்குசியின் பறவைச் சிற்பத்தை வாங்கினார். பிக்காசோ, மீரோ, மக்ரீத், எர்ன்ஸ்ட், டாலி என்று சேர்ந்த சேகரிப்பின் மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 டாலர் என்று சொல்லப்படுகிறது.

இதைப் பற்றி எங்களுக்குள் விவாதம் வந்தது. ஊரைவிட்டு ஓடத் துடிக்கும் கலைஞனிடம் அடிமட்ட விலைக்கு வாங்குவது உதவியா, வியாபாரமா? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: இரண்டும்தான். பிரான்குசியிடம் பேரம் பேசியதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த விலைகூடக் கொடுக்க அன்று பாரிஸில் வேறு ஆளில்லை. லூவர் அருங்காட்சியகத்திடம் படங்களைப் பாதுகாத்து வைக்க இடம் கேட்டபோது, காப்பாற்றும் தகுதி இல்லாத நவீனப் படங்கள் என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் விஷிக்கு அருகே ஒரு தோழியின் களஞ்சியத்தில் வைத்தார். பிறகு கிரனோபிள் அருங்காட்சியகத்துக்கு மாற்றினார். அங்கிருந்து 1941இல் அமெரிக்காவுக்கு அனுப்பும்போது, படங்களைப் படுக்கை விரிப்புகள், சமையல் பாத்திரங்களோடு கட்டி, வீட்டுச் சாமான் என்று எழுதி அனுப்பினார்கள். இன்று விலை மதிக்க முடியாத கன்வாஸ்கள் சட்டிபானைகளுக்கு நடுவே கடல் கடந்தன.

அவர் யூதர். அந்த ஆண்டு பிரான்சில் தங்கியிருப்பது உயிருக்கே ஆபத்து. அந்த நிலையிலும் மார்செய் துறைமுகத்திலிருந்து கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் தப்புவித்த மீட்புக் குழுவுக்குப் பணம் கொடுத்தார். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் குடும்பத்தின் பயணச் செலவு அவருடையது. 1941 ஜூலையில் லிஸ்பனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் வந்தார். உடன் வந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டை மணந்தார். அந்த மணமும் நிலைக்கவில்லை.

150 டாலர்

இனி வருவதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்த பகுதி.

1942 அக்டோபர் 20இல் நியூயார்க் 57ஆம் தெருவில் அவருடைய புதிய கூடம் திறந்தது. வளைந்த சுவர்கள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படங்கள். திறப்பு விழாவில் அவர் ஒரு காதில் ஓவியர் ஈவ் தாங்கி செய்த தோடும் மற்றக் காதில் கால்டர் செய்த தோடும் போட்டிருந்தார், கனவுலகை வரையும் சர்ரியலிசம், அருவக் கலை ஆகிய இரண்டு பாணிக்கும் தான் ஒருபோலத்தான் என்று காட்ட. மேல்தட்டுப் பெண்மணியாக அவர் கற்ற கலை அங்கே பயன்பட்டது. 1943 தொடக்கத்தில் 31 பெண் ஓவியர்களுக்கென்றே ஒரு காட்சி வைத்தார்; அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் அரிது.

அதே ஆண்டு வசந்தத்தில் இளைஞர்களின் படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூத்த ஓவியர் மோந்திரியான் இருந்தார். கீழே சாய்த்து வைத்திருந்த ஒரு படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெகிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, ஒழுங்கே இல்லை என்றார். மோந்திரியானோ, அமெரிக்காவில் தான் பார்த்தவற்றில் மிக முக்கியமானது இதுவாக இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். பெகி தன் எண்ணத்தை உடனே மாற்றிக்கொண்டார். படத்தை வரைந்தவர் ஜாக்சன் பொலாக். அப்போது அவர் பெரியப்பா சாலமனின் அருங்காட்சியகத்தில் சில்லறைத் தச்சுவேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1943 ஜூலையில் பொலாக்கோடு பெகி ஒப்பந்தம் போட்டார். மாதம் 150 டாலர், ஓராண்டுக்கு. கணக்கு இப்படி: படங்கள் விற்கும்போது மூன்றில் ஒரு பங்கு கூடத்துக்கு. ஆண்டில் 2,700 டாலருக்கு விற்றால் 900 தரகு போக மீதி 1,800. அது பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குச் சரி. அதற்கு மேல் விற்றால் கூடுதல் பங்கு ஓவியருக்கு. குறைவாக விற்றால், குறைந்த தொகைக்கு ஈடாகப் படங்கள் பெகிக்கு. அதோடு தன் வீட்டு வாசல் கூடத்துக்குச் சுவரளவு ஓவியம் ஒன்றும் கேட்டார். சுவரிலேயே வரையாமல் கன்வாஸில் வரையச் சொல்லுங்கள், வீடு மாறினாலும் எடுத்துப் போகலாம் என்றவர் டூஷாம். ஏறத்தாழ 6 மீட்டர் அகல ஓவியம் அது. நவம்பரில் முதல் தனிக்காட்சி. 1944இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பொலாக்கின் படம் ஒன்றை வாங்கியது.

1945இல் லாங் தீவில் ஒரு பழைய வீடு வாங்க 2,000 டாலர் கடன் கொடுத்தார். மாதத் தொகையை 300 டாலராக உயர்த்தி, கடனுக்காக 50 டாலர் பிடித்துக்கொண்டார். பதிலுக்கு ஆண்டில் ஒரு படம் தவிர மற்றதெல்லாம் பெகிக்கு. கறாரான ஒப்பந்தம்தான். ஆனால் 1947இல், அந்தக் கடனில் வந்த வீட்டின் களஞ்சியத் தரையில் கன்வாஸை விரித்துப் போட்டு, வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த படங்கள்தான் ஓவிய வரலாற்றையே திருப்பின. அப்போதும் பெகியின் மாதப் பணம் வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு கூடத்தை மூடிவிட்டு அவர் ஐரோப்பா திரும்பியபோது, பொலாக்கை ஏற்றுக்கொண்ட அடுத்த வணிகரால் மாதச் சம்பளம் தர முடியவில்லை.

எங்கள் ஊரில் கலைக்குக் கொடுக்கிறவர்கள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கும் முறையைப் பாருங்கள். மண்டப வாடகை ஒருவர் உபயம், ஒலி ஒளி ஒருவர் உபயம், சாப்பாடு ஒருவர் உபயம். மேடையில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்கு மாலை, அவர் மனைவி டத்தினுக்குப் பொன்னாடை, ஆளுயர மாதிரிக் காசோலை, படம். கோயில் திருவிழாவில் நாள்வாரியாக உபயம் ஏற்கும் பழக்கம் அப்படியே இசை, நாட்டியச் சபாக்களுக்கும் வந்துவிட்டது. கோயிலுக்கு அது பொருந்தும். அங்கே அர்ச்சகருக்கு மாதச் சம்பளம் தனியாகப் போகிறது. மேடையில் வாசிக்கிறவருக்கு? நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று உறையில் வரும். அடுத்த மாதம் நிகழ்ச்சி இல்லை என்றால் உறையும் இல்லை. இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ என்னும் சமூகக் காப்புறுதி இல்லை. அதனால் நன்றாக வாசிக்கும் பையன்கள் இருபத்தைந்து வயதில் வங்கிக்கோ கணினி நிறுவனத்துக்கோ போய்விடுகிறார்கள், வாசிப்பு ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடுகிறது. ஓர் அரங்கேற்றத்துக்கு ஓர் இரவில் செலவாகும் தொகையில் ஓர் இளம் கலைஞனுக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

மாற்று வழி கண்டவர்களும் இதே பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் ஊக்கத்தில் 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலைக்கூடத்துக்கு அன்னலட்சுமி என்ற உணவகம் உண்டு. சாப்பிட்டவர் மனம்போல் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. கலைக்கூடத்துக்குத் தினமும் கொஞ்சம் வருமானமும் தினமும் புதிய முகங்களும் அதனால் வருகின்றன. பெரிய மனிதர் ஒருவரை நம்பியிராத ஏற்பாடு அது. பெகி இறந்து இரண்டே ஆண்டில் தொடங்கியது என்பது தேதிகளை அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது.

வெனிஸ்

1948 வெனிஸ் கலைவிழாவில் கிரேக்க நாட்டின் கூடம் காலியாக இருந்தது. அங்கே உள்நாட்டுப் போர். அந்தக் கூடத்தைப் பெகியின் சேகரிப்புக்குக் கொடுத்தார்கள். பொலாக்கை ஐரோப்பா முதன்முதலாக அங்கே கண்டது. பிறகு கால்வாய்க் கரையில், 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஒரு தளத்தோடு நின்றுபோன அரண்மனையை வாங்கிக் குடியேறினார். 1951 முதல் கோடைதோறும் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சாப்பாட்டு அறையிலும் படுக்கையறையிலும் அந்நியர் நடமாடிய அந்த வீட்டில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு வாழ்ந்தார்.

நம் பக்கமும் ஒருமுறை வந்திருக்கிறார். 1954 கடைசியில் இலங்கையின் வெலிகமையில் எழுத்தாளர் பால் போல்ஸின் குட்டித் தீவில் தங்கிவிட்டு இந்தியா போனார். அங்கே அவர் மனம் கவர்ந்த ஓவியர் கொல்கத்தாவின் ஜாமினி ராய்.

குடும்பத்துக்குள் நிலைமை வேறு. மகள் பெகீன் நல்ல ஓவியர். நீண்ட மனச்சோர்வில் வாழ்ந்து 1967இல் இறந்தார். தாய் அவள் படங்களுக்கென்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினார். உயிரோடிருந்த மகளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய நேரம் ஊரார் படங்களுக்குப் போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து அதைத் தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரிசுகள் பின்னாளில் வழக்குக்குப் போனதற்கு அந்த அறையும் ஒரு காரணம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கையெழுத்து

வாரி வழங்கியதில் அவருக்கே சில வருத்தங்கள் உண்டு. பொலாக் படங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சும்மா கொடுத்தார். வாசல் கூடத்து ஓவியத்தை 1951இல் அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2008இல் அந்த ஊரில் வெள்ளம் வந்து அருங்காட்சியகக் கட்டடம் பாழானபோது, படத்தை விற்றுப் பணமாக்கினால் என்ன என்று பேச்செழுந்தது. அப்போது அதன் மதிப்பு சுமார் 140 மில்லியன் டாலர் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததால் விற்கவில்லை. கொடுத்தவர் நினைப்பு இன்னதென்று ஊர் எடுத்துச் சொன்னதால் தப்பித்த படம் அது.

வெனிஸ் சேகரிப்பை லண்டன் டேட்டுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தார். 1969இல் நியூயார்க்கில் பெரியப்பாவின் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைத்த பிறகு மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1970இல் அரண்மனையையும் 1976இல் கலைப்பொருட்களையும் சாலமன் ஆர். குகன்ஹைம் அறவாரியத்துக்கு எழுதிக் கொடுத்தார். சேகரிப்பு வெனிஸை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் ஆசை. அதை அறவாரியம் இன்றுவரை காத்து வருகிறது. 1979 டிசம்பர் 23இல் இறந்தார். அஸ்தி தோட்டத்தில், அவர் வளர்த்த நாய்களின் கல்லறைக்குப் பக்கத்தில்.

எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும், பிறர் கொடுத்தவற்றைச் சேர்க்கலாமா, வாசலில் யார் பெயர், குடும்பத்தின் சொல்லுக்கு என்ன இடம்? இவை அறவாரியத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளாகப் பத்திரத்தில் ஏறவில்லை. 1992இலேயே ஒரு வழக்கு, பிறகு சமரசம். 2012இல், முதலில் சொன்ன அந்த வேறொரு குடும்பத்தின் ஷுல்ஹாஃப் அம்மையாரின் உயில்படி 80 கலைப்பொருட்கள் வந்து சேர்ந்தபின் மீண்டும் வழக்கு. நியாயமாகப் பார்த்தால் அறவாரியம் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அருங்காட்சியகம் வளர வேண்டும். வளர்ந்ததால்தான் ஆண்டுக்குச் சில லட்சம் பேர் வருகிறார்கள். வாரிசுகளின் வலியும் பொய்யில்லை. எழுத்தில் இல்லாததை நீதிபதி எங்கிருந்து படிப்பார்?

எழுதி வைத்தவர் ஒருவரை நமக்குத் தெரியும். பெங்களூர் நாகரத்தினம்மாள் பரம்பரைச் சொத்துக்காரர் அல்லர். பாடியும் ஆடியும் சம்பாதித்தவர். 1920களில் திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியைச் சுற்றி நிலம் வாங்கி, தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்த காலம். அவர் போராடி அந்த இடத்தைப் பெற்றார்; அதோடு விடாமல், பெண்களுக்கு அங்கே வழிபடவும் பாடவும் உள்ள உரிமையை உயிலில் எழுதி வைத்தார். 1952இல் மறைந்தார். பெகியைவிடக் குறைந்த பணம், பெகியைவிடத் தெளிவான பத்திரம். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்துப்போன மனிதர் அவர்தான்.

பினாங்கிலும் ஓர் உயில் உண்டு. லீத் தெருவில் உள்ள நீல மாளிகையைக் கட்டிய சீன வணிகர் சியோங் ஃபாட் ஸீ 1916இல் இறந்தார். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அந்த மகன் 1989இல் இறக்கும்வரை வீடு சிதைந்தாலும் கைமாறவில்லை. பிறகு வாங்கியவர்கள் புதுப்பித்து, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ விருதும் வாங்கினார்கள். விற்கத் தடை இருந்ததால் கட்டடம் இருந்தது. பராமரிப்பு இல்லாததால் அது குலைந்தது. பிரிக்பீல்ட்ஸிலேயே, 1904இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது நடந்த வாக்குவாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அறங்காவலர்களுக்கும் ஊருக்கும் நடுவே அன்று நின்ற கேள்வி இதேதான்: கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள்?

ஆச்சியின் வரைவு

இவ்வளவையும் படித்துச் சொன்னபோது ஆச்சி முதலில் ஒப்பவில்லை.

"கொடுக்கிறதுன்னு ஆயிட்டா குடுத்துற வேண்டியதுதான். அப்புறம் அதுல கண்டிசன் போட்டா நல்லாவா இருக்கு?"

மிருதங்க மாஸ்டர்தான் பதில் சொன்னார். "ஆச்சி, நீங்க இருக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க நல்லவங்களாவே இருந்தாலும், ஆச்சி என்ன நெனச்சாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வழக்கறிஞர் சட்டத்தைச் சொன்னார். 1966 சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சபாவிடம் கொடுத்தால், ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது எண்ணமும் மாறலாம். 1952 அறங்காவலர் சட்டத்தின்படி தனி அறவாரியமாகப் பதிந்தால் பத்திரத்தில் எழுதியபடிதான் நடக்க வேண்டும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் கிடைத்தால் பின்னால் கொடுக்கிறவர்களுக்கும் வரிக்கழிவு உண்டு. அதற்கு ஆண்டுதோறும் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

இப்போது வரைவில் இருப்பது இது. படங்கள், வீணைகள், ஒலிநாடாக்கள் ஒவ்வொன்றும் புகைப்படத்தோடு பட்டியலில் ஏறும். விற்கக் கூடாது, மலேசியாவை விட்டு வெளியே போனால் குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும். எப்படிக் காட்சிக்கு வைப்பது என்பது நிர்வாகத்தின் விருப்பம். அதில் ஆச்சி தலையிடவில்லை, பெகியின் வழக்கைக் கேட்ட பிறகு அவரே அப்படிச் சொன்னார். பிறர் கொடுப்பதைச் சேர்க்கலாம், பெயரும் போடலாம், வாசலில் மட்டும் வேண்டாம். ஜாலான் ஈப்போ சாலையில் ஆச்சிக்கு உள்ள கடைவீட்டின் வாடகை அறவாரியத்துக்கு. அதில் முதல் உரிமை வீட்டுப் பராமரிப்புக்கு, இரண்டாவது இரண்டு கலைஞர்களின் மாதச் சம்பளத்துக்கு. இபிஎஃப், சொக்சோ உட்பட, மூன்று மூன்று ஆண்டு ஒப்பந்தம். அந்த மூன்றாண்டில் இத்தனை நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாஸ்டர் வற்புறுத்திச் சேர்த்த வரி அது. பொலாக்கிடமும் மாதம் இத்தனை படம் என்று யாரும் கேட்கவில்லை. விழாக்களுக்கும் மேடைச் செலவுக்கும் மிச்சமிருந்தால்தான்.

அறங்காவலர்களில் ஓர் இடம் குடும்பத்துக்கு. ஆச்சியின் மூத்த பேரன் மெல்போர்னிலிருந்து வரைவைப் படித்துவிட்டு, கடைவீட்டு வாடகை முழுவதும் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டார் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். பத்திரத்தில் கையெழுத்தாவதற்கு முன் நடக்கும் அடுத்த கூட்டத்துக்கு அவரையே நேரில் வரச் சொல்லி ஆச்சி எழுதியிருக்கிறார்.